கம்பிக்கு முன் கணக்கு: மகளின் பல்லுக்காக வவுனியா போய்வந்த 14 மாதங்கள்

மகள் ஒரு பக்கமாகத் தலையைச் சரித்துக்கொண்டு சோறு சாப்பிடுகிறாள் என்பதை முதலில் கண்டது அவளுடைய அம்மம்மாதான். "பிள்ளை கறியைத் தள்ளி வைக்குது, வாய்க்குள்ள ஏதோ புண் இருக்கு, பார்" என்றார். டோர்ச் அடித்துப் பார்த்தேன். மேல்வரிசை முன்பற்களுக்குப் பின்னால், அண்ணத்தில், இடப்பக்கமாக இரண்டு சிவந்த குழிகள். வாயை மூடும்போது கீழ்ப்பற்கள் போய்க் குத்துகிற இடம் அது. மூடச் சொன்னேன். கீழ்ப்பல் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. பானைக்கு மூடி போட்ட மாதிரி மேல்பற்கள் முழுவதையும் மூடிக்கொண்டன. நாடியும் (மோவாய்) கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கி நின்றது.

அப்போது அவளுக்கு 13 வயது. அதற்கு ஏழு மாதத்துக்கு முன்னரே கம்பி கட்டியாயிற்று என்பதுதான் வெட்கக்கேடு.

நான் மாங்குளத்தில் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். பல்லைப் பற்றி எழுத எனக்குள்ள ஒரே தகுதி, ஒரே வாய்க்காக இரண்டு இடத்தில் காசு கட்டியது. இரண்டு இடத்தின் பெயரையும் எழுதவில்லை. முதலாவதைத் திட்ட வேண்டிவரும், இரண்டாவதையும் இரண்டு மூன்று இடத்தில் திட்ட வேண்டிவரும்.

முதலாவது இடத்தில் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் அங்கே எல்லாமே சுருக்கமாகத்தான் நடந்தது. போன அன்றைக்கே, அரை மணித்தியாலத்துக்குள், மேல்வரிசைக்கு பிரக்கெற் (கம்பியைப் பிடிக்க ஒவ்வொரு பல்லிலும் ஒட்டுகிற சின்னக் கட்டை) ஒட்டிக் கம்பி போட்டு அனுப்பினார்கள். எக்ஸ்ரே இல்லை, அச்சு எடுக்கவில்லை. அடுத்த மாதம் கீழ்வரிசைக்கு ஒட்டினார்கள். வீட்டுக்கு வந்து புட்டுச் சாப்பிட்டதும் இரண்டு கழன்று விழுந்தன. திரும்ப ஒட்டினார்கள், திரும்ப விழுந்தன. மூன்றாம் முறை "பிள்ளை கவனமில்லாமல் கடிக்குது" என்றார்கள். மேல்பல் கீழ்ப்பல்லை முழுதாக மூடுகிற வாயில், கடிக்கிற ஒவ்வொரு கடியும் அந்த பிரக்கெற்றின் தலையில்தான் விழும் என்பது எனக்கே பிறகுதான் விளங்கியது. ஏழு மாத முடிவில் மேல்பற்கள் வரிசையாக அழகாக நின்றன, அண்ணத்தில் புண். 60,000 ரூபா.

எங்கள் தொழிலில் ஒரு வேலை இருக்கிறது. நெளிந்த சில்லைக் கவிழ்த்த சைக்கிளில் சுற்றவிட்டு, எந்த இடத்தில் பிறேக் கட்டையில் உரசுகிறது என்று பார்த்து, கம்பிகளை இறுக்கியும் தளர்த்தியும் நேராக்குவது. புதிதாக வருகிற பெடியன் செய்கிற முதல் பிழை, உரசும் இடத்தைக் கண்டதும் அந்த ஒரு கம்பியை முறுக்குவது. அந்த இடம் நேராகும், எதிர்ப்பக்கம் முட்டை வடிவமாகும். முதலில் சில்லை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். இதைத் தினமும் பெடியனுக்குச் சொல்லுகிற நான், மகளின் வாயில் அதே பிழையை விட்டுவிட்டு நின்றேன்.

வவுனியாவில் ஒரு தனியார் சிகிச்சை நிலையத்துக்கு மாதத்தில் இரண்டு ஞாயிறு பல் சீரமைப்பு விசேட நிபுணர் ஒருவர் வருகிறார் என்று கனகராயன்குளத்து வாடிக்கையாளர் ஒருவர் சொன்னார். அரச வைத்தியசாலையில் இலவசமாகச் செய்யலாம், கண்டிக்குப் பக்கத்தில் பேராதனையில் பல் போதனா வைத்தியசாலையே இருக்கிறது. எங்கள் கடை வாசலால் போகிற ஏ9 வீதி தொடங்குவதும் கண்டியில்தான். ஆனாலும் மாதத்துக்கு ஒரு தடவை கண்டிக்குப் போவதென்றால் கடை இரண்டு நாள் பூட்டு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் ஒரு நாள் இல்லை. வவுனியா என்றால் காலையில் பஸ் ஏறிப் பின்னேரம் திரும்பலாம். அதனால் வவுனியா.

டொக்டர் சிங்களவர். தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும், தாதி பாதி மொழிபெயர்ப்பார். இது குறை என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன். ஆனால் அவர் பற்களை எண்ணால் சொல்லுகிறார். மேல் இடப்பக்கம் எல்லாம் இரண்டில் தொடங்கும், கீழ் இடப்பக்கம் மூன்றில். நடுவிலிருந்து எண்ணிக்கொண்டு போக வேண்டியதுதான். மேல் இட வேட்டைப்பல் 23, அதற்குப் பின்னால் உள்ளது 24, கீழ் இடப்பக்கத்து முதல் பெரிய கடைவாய்ப்பல் 36. நட்டுக்கும் சாவிக்கும் எண் சொல்லிப் பழகிய எனக்கு இது வசதியாகப் போயிற்று. மீதியைக் காகிதத்தில் கீறிக் காட்டினார்.

முதல் நாள் கம்பியைத் தொடவே இல்லை. மகளை நிமிர்ந்து உட்காரவைத்து முன்னால் நின்று பார்த்தார், பிறகு பின்னால் போய் நின்று நெற்றிக்கு மேலாகக் குனிந்து மூக்கும் நாடியும் ஒரு கோட்டில் வருகிறதா என்று பார்த்தார். ஐஸ்கிறீம் குச்சி மாதிரி ஒரு மரக்குச்சியைக் குறுக்காகக் கடிக்கக் கொடுத்தார். குச்சி லேசாகச் சரிந்து நின்றது. கண் இரண்டையும் இணைக்கும் கோட்டோடு அதை ஒப்பிட்டார். மேசன்மார் நீர்மட்டம் வைத்துப் பார்ப்பது ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு மெதுவாக வாயைத் திறந்து மெதுவாக மூடச் சொன்னார், ஒரு பத்துத் தடவையாவது இருக்கும்.

ஏன் இத்தனை தடவை என்று கேட்டேன். நாடி ஒதுங்கித் தெரிவதற்கு இரண்டு மூன்று காரணம் இருக்கலாமாம். எலும்பு நேராகவே இருந்து, ஏதோ ஒரு பல் முட்டுவதால் வாய் மூடும் கடைசி நொடியில் மட்டும் தாடை வழுகிப் போகலாம். அப்படியென்றால் வாய் திறந்திருக்கும்போது நாடி நடுவில் நிற்கும். அல்லது பற்கள் மட்டும் ஒரு பக்கம் நகர்ந்திருக்கலாம். அல்லது எலும்பே ஒரு பக்கம் குட்டையாக இருக்கலாம். வெளியே பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரி, மருந்து வேறு வேறு. மகளின் நாடி வாயைத் திறக்கும்போது இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் போனது.

அப்போதுதான் கேட்டார்: "சின்ன வயசில விழுந்ததா? நாடியில் அடி?"

ஐந்து வயதில் கிணற்றுக்கட்டில் வழுக்கி விழுந்து நாடி பிளந்து மூன்று தையல் போட்டது. தழும்பு இப்போதும் இருக்கிறது. தையல் வெட்டியதோடு நாங்கள் அதை மறந்துபோனோம். நாடியில் விழும் அடி, காதுக்கு முன்னால் தாடை பொருந்தும் மூட்டில் போய் எலும்பை வெடிக்க வைக்கலாம் என்றும், சின்னப் பிள்ளைகளில் அது தானாகவே பொருந்திவிடும் என்றும், சிலருக்கு அந்தப் பக்கம் மட்டும் வளர்ச்சி பின்தங்கும் என்றும் டொக்டர் சொன்னார். எட்டு வருடமாக அவள் முகத்தைத் தினமும் பார்த்தவன் நான். என்னிடம் யாரும் கேட்டதும் இல்லை, எனக்குத் தோன்றியதும் இல்லை.

இரண்டாம் ஞாயிறு முழுக்க அளவெடுப்பு. முழு வாயும் தெரிகிற ஓபிஜி, பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரே, முன்னாலிருந்து ஒன்று, கையின் எக்ஸ்ரே ஒன்று. இந்த நான்கையும் வேறொரு இடத்தில் போய் எடுக்க வேண்டும், காசும் தனி. கை எதற்கு என்று நானும் முழித்தேன். மணிக்கட்டு எலும்புகளைப் பார்த்தால் வளர்ச்சி எவ்வளவு மீதி இருக்கிறது என்று தெரியுமாம். அப்புறம் ரோஸ் நிறக் களியை வாய்க்குள் வைத்து மேலும் கீழும் அச்சு. மகள் ஓங்காளித்துக் கண்ணீர் விட்டாள், தாதி முதுகைத் தடவிக்கொண்டே நின்றார்.

அதே தாதிதான், வரிசையில் ஆட்கள் இருக்கும்போது, "பெரியபிள்ளையாகி எத்தனை மாசம்?" என்று சத்தமாகக் கேட்டார். பெண்பிள்ளைகள் மளமளவென்று வளருகிற காலம் பெரும்பாலும் அதற்கு முன்னரே உச்சிக்குப் போய்விடும், ஆகவே கேட்க வேண்டிய கேள்விதான். கேட்ட விதம் சரியில்லை. பக்கத்தில் தகப்பன், எதிரே முகம் தெரியாத நான்கு பேர். மகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு "எட்டு" என்றாள். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வரும் பஸ்ஸில் ஓமந்தை தாண்டும்வரை அவள் என்னோடு கதைக்கவில்லை.

மூன்றாம் ஞாயிறுதான் நான் காசு கொடுத்ததற்கான உண்மையான சாமான் கிடைத்தது. மேசையில் சுண்ணாம்பில் வார்த்த அவளுடைய பல், பக்கத்தில் எக்ஸ்ரே, ஒரு வெள்ளைத்தாள்.

எங்கள் பக்கத்தில் எல்லாவற்றையும் "பல் மிதப்பு" என்றே சொல்லிவிடுவோம். மிதப்பு என்பது மேல்பல் முன்னால் தள்ளி நிற்பது. மகளுக்கு அது பெரிதாக இல்லை. அவளுக்குள்ளது செங்குத்தான மூடல். மேல்பல் கீழ்ப்பல்லை இரண்டு மூன்று மில்லிமீற்றர், அதாவது மூன்றில் ஒரு பங்கு அளவில், மூடினால் சரி. அவளுக்கு வலப்பக்கம் 7, இடப்பக்கம் 9. இடப்பக்கம் ஆழம் கூட என்பதால்தான் புண்ணும் இடப்பக்கம். கீழ்ப்பற்களின் நடுக்கோடு 4 மில்லிமீற்றர் இடப்பக்கம் போயிருந்தது. ஓபிஜியில் இடது தாடை மூட்டின் கழுத்து வலதை விடக் குட்டை. ஆனால் அந்த 4 மில்லிமீற்றரும் எலும்பின் வேலை இல்லை என்று பிரித்துக் காட்டினார். ஏழு வயதில் கீழ் இடப்பக்கத்துப் பாற்பல் ஒன்று சூத்தையாகி நேரத்தோடு பிடுங்கினோம். அந்த இடைவெளிக்குள் முன்பற்கள் சரிந்துவிட்டன. ஏறக்குறைய இரண்டரை பல்லின் கணக்கில், ஒன்றரை எலும்பின் கணக்கில்.

"பல்லின் கணக்கு நான் எடுக்கலாம். எலும்பின் கணக்கு கம்பியால் எடுக்க ஏலாது" என்றார். அந்த ஒரு வசனத்துக்காகவே இந்த இடத்தை நான் பிறருக்குச் சொல்வேன். முதலாவது இடத்தில் "எல்லாம் நேராக வரும்" என்றுதான் சொன்னார்கள்.

பிறகு தாளில் ஐந்து வரி எழுதினார். முதல் வரி, கடியைத் திறப்பது. மேல் முன்பற்களின் பின்புறத்தில் சிமெந்தால் சின்னத் திண்ணை மாதிரி இரண்டு கட்டினால், கீழ்ப்பல் அண்ணத்தில் குத்தாமல் அந்தத் திண்ணையில் போய் நிற்கும். பின்பற்கள் ஒன்றையொன்று தொடாது. தொடாத பற்கள் மெல்ல மெல்ல எழும்பி வரும், வளருகிற வயதில் அது சுலபம். இரண்டாவது வரி, கீழ்வரிசைக்கும் இப்போது பிரக்கெற் ஒட்டி அந்த வரிசையின் மேடுபள்ள வளைவை மட்டமாக்குவது. மூன்றாவது, எட்டு ஒன்பது மாதத்தில் நிறுத்தித் திரும்ப அளப்பது. நான்காவது, இடப்பக்கத்துக்கு மட்டும் றப்பர் வளையம், மேல் 23 இலிருந்து கீழ் 36 க்கு. அது போதாவிட்டால் 24 ஐப் பிடுங்கி இடம் எடுப்பது. அந்த 24 ஐச் சுற்றி வட்டம் போட்டு ஒரு கேள்விக்குறி வைத்தார். ஐந்தாவது வரி பிறகு வரும்.

வீட்டுக்கு வந்து இரவில் போனில் படித்ததில் ரிவின் புளொக் என்ற சாதனம் கண்ணில் பட்டது. ஸ்கொட்லாந்தில் கிளார்க் என்ற பல் வைத்தியர் 1977 இல் உருவாக்கியது. மேலும் கீழும் இரண்டு பிளேற், கடிக்கும்போது கீழ்த்தாடையை முன்னால் நகர்த்தும். அதை ஏன் போடவில்லை என்று அடுத்த முறை கேட்டேன். கோபிக்காமல் பதில் சொன்னார். மகளின் வலப்பக்கக் கடைவாய்ப்பற்கள் ஏற்கெனவே சரியாகப் பொருந்தி நிற்கின்றன, இரண்டு பக்கத்தையும் சேர்த்து முன்னால் தள்ளினால் நன்றாக இருக்கிற பக்கம் கெட்டுவிடும். சில்லின் கதைதான், வேறொன்றுமில்லை.

காசு: மொத்தம் 280,000 ரூபா. முதலில் 80,000, பிறகு வருகிற ஒவ்வொரு தடவையும் 10,000. எனக்கு விழுந்த சீட்டுக் காசு முதல் கட்டுக்குப் போயிற்று. கழன்ற பிரக்கெற் ஒட்ட ஒன்றுக்கு 1,500. கம்பி கழற்றிய பிறகு போடும் ரிற்றெயினர் இந்தக் கணக்கில் இல்லை என்பதைப் பத்தாவது மாதத்தில் பற்றுச்சீட்டு எழுதும் பிள்ளையிடம் தற்செயலாகத்தான் அறிந்தேன். ரிற்றெயினர் போடாவிட்டால் பல் பழைய இடத்துக்கு ஓடும், வருடக்கணக்கில் இரவில் போட வேண்டியது. அதை முதல் நாளே தாளில் எழுதியிருக்க வேண்டும். ஐந்து வரி எழுதின ஆளுக்கு ஆறாவது வரி எழுத மை இல்லையா?

திண்ணை கட்டிய முதல் இரண்டு கிழமை வீடு செத்த வீடு மாதிரி இருந்தது. பின்பல் ஒன்றும் தொடாது என்று விளக்கினார்கள், அதனால் பிள்ளை எதையும் அரைத்துத் தின்ன முடியாது என்பதை ஒருவரும் சொல்லவில்லை. விளங்கியிருக்க வேண்டியது நானும்தான். இடியப்பத்தைச் சொதியில் ஊறவைத்து, கஞ்சி காய்ச்சி, பருப்பும் சோறும் குழைத்து அம்மம்மா ஒப்பேற்றினார். ஆறாவது கிழமை அண்ணத்துப் புண் ஆறிவிட்டது. மகள் தானாகவே மீன்குழம்பு கேட்டாள். அன்றைக்குத்தான் நான் இந்த இடத்தை நம்பினேன்.

சாப்பாட்டுத் தடைப்பட்டியல் ஒரு துண்டில் அச்சடித்துத் தருகிறார்கள். பொப்கோன், சூயிங்கம், அப்பிளைக் கடித்துத் தின்னாதே என்று. அப்பிளை எங்கள் வீட்டில் யார் தின்கிறார்கள்? அந்தத் துண்டில் புழுக்கொடியல், அதாவது அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு, இல்லை. ஒரு துண்டு புழுக்கொடியல், இரண்டு பிரக்கெற், 3,000 ரூபா. பாலைப்பழக் காலத்தில் இன்னொரு கூத்து. அந்தப் பால் உதட்டிலேயே பசை மாதிரி ஒட்டுவது, கம்பியில் ஒட்டினால் பிரஷ் போட்டுத் தேய்த்தும் போகாது. தாதியிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டு அந்தத் துண்டில் பேனையால் இரண்டையும் எழுதி வைத்தார். இப்போது அச்சடித்ததிலும் வந்துவிட்டதா தெரியாது, வந்திருந்தால் அது என் பங்களிப்பு.

ஒன்பதாவது மாதம் நிறுத்தி அளந்தார்கள். மூடல் இரண்டு பக்கமும் 4 க்கு வந்திருந்தது. கேள்விக்குறி வைத்த 24 ஐப் பிடுங்கத் தேவையில்லை, றப்பரை முதலில் பார்ப்போம் என்றார். சாப்பிடும் நேரமும் பல் துலக்கும் நேரமும் தவிர மற்ற நேரமெல்லாம் போட வேண்டும், நாளுக்கு நாள் புதிதாக மாற்ற வேண்டும். முதல் மாதம் நடுக்கோடு ஒரு மில்லிமீற்றர் நகர்ந்தது. அடுத்த இரண்டு மாதம் அசையவே இல்லை. டொக்டர் மகளைப் பார்த்து, "றப்பர் எத்தனை பக்கெற் மிச்சம் இருக்கு?" என்று மட்டும் கேட்டார். அவள் அழுதுவிட்டாள். ரியூசனில் கதைக்கும்போது வாயின் ஒரு பக்கம் மட்டும் றப்பர் இழுபடுவதைப் பெடியன்கள் பகிடி பண்ணியிருக்கிறார்கள், கழற்றிப் புத்தகப்பைக்குள் போட்டிருக்கிறாள். நான் அங்கேயே சத்தம் போடத் தொடங்கினேன். கேள்வியைச் சத்தமாகக் கேட்ட அதே தாதி என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, உள்ளே மகளோடு கால் மணித்தியாலம் கதைத்தார். என்ன கதைத்தார் என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. அடுத்த மாதத்திலிருந்து கோடு நகர்கிறது. பழைய கோபத்தை அன்றைக்கே விட்டுவிட்டேன்.

இன்னும் இருக்கிற பெரிய குறை, இடையில் ஒன்று நடந்தால் ஆள் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை இரவு கம்பியின் பின்முனை நீண்டு சொக்கைக் குத்தியது. போன் அடித்தால் "ஞாயிறு வாங்கோ" என்றார்கள். கடைச் சாவிப்பெட்டியிலிருந்து சின்னக் கட்டரை எடுத்துச் சுடுநீரில் அவித்து நான் வெட்டினேன். வெட்டின துண்டு தொண்டைக்குள் போயிருந்தால் என்னவாகும் என்று அடுத்த முறை டொக்டர் ஏசினார். நியாயம்தான், ஆனால் செவ்வாய்க்கிழமை யார் இருந்தார்கள்? மெழுகை உருட்டி முனையில் ஒட்டிவைத்தால் நான்கு நாள் தாங்கும் என்பதை அன்றைக்குத்தான் சொன்னார்கள். மெழுகை முதல் நாளே கேட்டு வாங்கிவிடுங்கள்.

காத்திருப்பும் உண்டு. 9 மணி என்று எழுதித் தருவார்கள், கூப்பிடும்போது ஒரு மணி தாண்டியிருக்கும். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். இருக்கிற கதிரை எட்டு, வருகிற சனம் முப்பது.

இப்போது 14 மாதம். மூடல் 3 மில்லிமீற்றர். நடுக்கோடு இன்னும் இரண்டு தள்ளி நிற்கிறது, அரை மில்லிமீற்றர் றப்பரால் எடுக்கலாம் என்கிறார். மிச்சம் ஒன்றரை, முதல் நாள் சொன்ன எலும்பின் கணக்கு. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை முகத்தை முன்னாலிருந்து படம் எடுத்துப் பழைய படத்தோடு வைத்துப் பார்க்கிறார்கள்.

அந்த வெள்ளைத்தாளைக் கடையில் லமினேற் பண்ணிக் கல்லாவுக்கு மேல் தொங்கவிட்டிருக்கிறேன். நான்கு வரிக்கும் பக்கத்தில் திகதி விழுந்துவிட்டது. ஐந்தாவது வரியில் "2028, நாடி" என்று மட்டும் இருக்கிறது. வளர்ச்சி நின்ற பிறகு ஒதுக்கம் கூடியிருந்தால் சத்திரசிகிச்சை பற்றிக் கதைக்கலாம், அப்படியே நின்றிருந்தால் ஒன்றும் செய்யத் தேவையில்லை. எது வேண்டும் என்பதை அன்றைக்கு மகள்தான் சொல்ல வேண்டுமாம், நான் இல்லை. கடைக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு ஏதோ மோட்டார் சைக்கிள் என்ஜின் படம் என்று நினைக்கிறார்கள்.